சங்கின் வாயைப் பாருங்கள்: கொழும்பில் கடல் நத்தை பார்க்கத் தொடங்குவோருக்கு

சங்கு பொறுக்கலாம் என்று வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கிக் கரைக்குப் போனால், முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் உடைந்த சிப்பி, போத்தல் மூடி, ஒற்றைச் செருப்பு. இதை முதலே சொல்லிவிடுவது நல்லது. கொழும்புக் கரை மணலும் கருங்கல்லும் அலையும் மோதும் இடம். பெரிய கடல் நத்தைகள் விரும்பி வாழ்வது கடற்புல் வளரும் ஆழமற்ற பரப்பிலும், பவளப் பாறைக்குப் பின்னால் அமைதியாகக் கிடக்கும் மணலிலும்தான். புத்தளம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் அப்படியான இடங்கள் நிறைய. கொழும்பில் அவை இல்லை. ஆனால் கற்றுக்கொள்வதற்குக் கொழும்பு போதும். கரையில் ஒதுங்கும் ஓடு, வலையில் சிக்கி வரும் ஓடு, பூசை அறையில் இருக்கும் சங்கு, கடையில் அடுக்கியிருக்கும் சங்கு எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

பொதுவாக எல்லாரும் நிறத்தையும் புள்ளியையும் பார்த்துத்தான் ஓட்டை அடையாளம் காணப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. வெயிலிலும் மணலிலும் உருண்ட ஓட்டில் நிறம் நிற்காது. பார்க்க வேண்டியது வாய். எந்தக் குடும்பம், எத்தனை வயது, உள்ளே உயிர் இருக்கிறதா, கையில் எடுக்கலாமா கூடாதா என்பதை எல்லாம் வாயைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வீட்டுச் சங்கிலிருந்து தொடங்குங்கள்

கடற்கரைக்குப் போவதற்கு முன், வீட்டில் இருக்கும் சங்கை எடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், யாரிடமாவது ஒன்று இருக்கும். கூர்ச்சுருள் மேலே, நீண்ட குழாய்ப் பக்கம் கீழே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இனி எந்த ஓட்டையும் இப்படியே பிடித்துப் பழகுங்கள். படம் எடுத்தாலும் இப்படியே. ஆளுக்கு ஒரு விதமாகப் பிடித்தால் ஒப்பிடவே முடியாது.

இப்போது வாயின் உட்பக்கச் சுவரில், அதாவது ஓட்டின் நடுத்தண்டுப் பக்கம், விரலை ஓடவிடுங்கள். மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு கட்டியது போல் தட்டுப்படும். அப்படியானால் அது நம்முடைய உண்மையான சங்கு, டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் குளித்து எடுப்பது இதைத்தான். வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் இதை அறுத்துச் செய்வது. அதற்காக இலங்கைச் சங்கு நெடுங்காலமாக அங்கே போகிறது. இது ஊன் உண்ணும் நத்தை, மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்னும். வெளியுதடு நேராக, தடிப்பாக இருக்கும், விரிந்து பறக்காது.

வாய் வலப்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணச் சங்கு எல்லாம் அப்படித்தான். அதே பிடியில் வாய் இடப்பக்கம் வந்தால் அதுதான் வலம்புரி. மிக மிக அரிது, விலையும் அதற்கேற்றபடி. இங்கே ஒரு எச்சரிக்கை. வலம்புரி என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல, அமெரிக்கக் கரையில், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வாழும் வேறொரு நத்தையின் ஓடு. அந்த இனத்துக்குப் பிறவியிலேயே வாய் இடப்பக்கம்தான்; அங்கே அது அதிசயமே இல்லை, டெக்சஸ் மாநிலம் அதைத் தன் மாநில ஓடாகவே வைத்திருக்கிறது. வேறுபாடு காண்பது எளிது: அதன் நடுத்தண்டில் மடிப்பு கிடையாது, வழவழவென்று இருக்கும். யாராவது வலம்புரி என்று ஒன்றை நீட்டினால் விலை கேட்பதற்கு முன் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். விற்பவர் அதற்கு விடவில்லை என்றால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

ஸ்ட்ரோம்ப் என்றால் என்ன

ஆங்கிலத்தில் காங்க் என்று சொல்வது ஒரே குடும்பம் அல்ல. நம் சங்கையும் சொல்வார்கள், வேறு பல பெரிய நத்தைகளையும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் ஸ்ட்ரோம்பிடே என்ற குடும்பத்தைத்தான் மெய்க் காங்க் என்பார்கள். வெப்பக் கடல்களில், தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற நீரில் வாழ்பவை. நம் சங்குக்கு நேர்மாறாக இவை பாசியும் மக்கிய இலைதழையும் மேய்பவை.

அடையாளம் மறுபடியும் வாயில்தான். அதே பிடியில் வைத்துக்கொண்டு வெளியுதட்டின் ஓரத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். அடியில் குழாய் முடியும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது பல நத்தைகளுக்கும் உண்டு. அதற்குச் சற்று மேலே, உதட்டிலேயே, இன்னொரு வளைந்த பள்ளம் இருந்தால் அது ஸ்ட்ரோம்ப். சில இனங்களில் ஆழமாக இருக்கும், சிலவற்றில் உதடு கொஞ்சம் நெளிந்த மாதிரி மட்டும் தெரியும். உட்சுவரில் மடிப்பு இருக்காது.

அந்தப் பள்ளம் கண்ணுக்காக ஏற்பட்டது. இந்த நத்தைகளுக்கு நீண்ட தண்டுகளின் நுனியில் நிறவளையம் போட்ட, உண்மையாகவே பார்க்கும் கண்கள் உண்டு. ஓட்டைத் தரையில் பதித்துக்கொண்டு, இடக்கண்ணை அடிக் குழாய் வழியாகவும் வலக்கண்ணை உதட்டுப் பள்ளம் வழியாகவும் வெளியே நீட்டும். தண்ணீருக்குள் முதன்முதலாக அதைப் பார்ப்பவர்கள், நத்தை நம்மைப் பார்க்கிறது என்று சொல்வார்கள். மிகை இல்லை, உண்மையிலேயே பார்க்கிறது. ஏதாவது மீன் கண்ணைக் கடித்துக்கொண்டு போனாலும் மறுபடி வளர்ந்துவிடும்.

நம் பக்கத்துக் கடலில் எளிதாக அடையாளம் காணக்கூடியது விரல் சங்கு, லாம்பிஸ் லாம்பிஸ். வளர்ந்ததும் உதட்டிலிருந்து விரல் விரலாக முள் நீளும். அடிக் குழாயையும் சேர்த்து ஏழு. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள இந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது லாம்பிஸ் ட்ரங்கேட்டா, 40 சென்டிமீட்டர் வரை கூட வளரும். சின்னவற்றில், வழவழப்பான மஞ்சள் கலந்த ஓடும் விரிந்த உதடும் கொண்ட லேவிஸ்ட்ரோம்பஸ் கனேரியம் இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்து கிழக்கே பசிபிக் வரை இருக்கிறது. சிங்கப்பூருக்குப் பக்கத்து பிந்தான் தீவில் அதை அவித்துக் குச்சியால் குத்தி இழுத்துச் சாப்பிடுவார்கள். அங்கே அதன் பெயர் கொங்கொங்.

பெயர் விஷயத்தில் ஒன்று. பழைய புத்தகங்களில் இவை எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரோம்பஸ் என்றே இருக்கும். இப்போது பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இணையத்தில் தேடும்போது பெயர் மாறி மாறி வந்தால் குழம்ப வேண்டாம். உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில், வோர்ம்ஸ் என்பார்கள், பழைய பெயரைப் போட்டால் இன்று ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். இரண்டாவது பெயர் பெரும்பாலும் மாறாமல் இருக்கும் என்பதால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதை வாசிப்பது

இந்தக் குடும்பத்தில் வயதுக்கு வந்ததும் ஓட்டின் நீளம் கூடுவது நின்றுவிடும். அதற்குப் பிறகு உதடுதான் வெளியே விரியும், அப்புறம் உள்ளிருந்து தடிக்கும். ஆகவே காகிதம் மாதிரி மெல்லிய உதடு என்றால் இப்போதுதான் பருவமடைந்தது, தடித்த உதடு என்றால் மூத்தது. வயதானதன் வெளிப்பக்கம் தேய்ந்து, இளசை விடச் சின்னதாகக்கூடத் தெரியலாம். அளவைப் பார்த்து வயது சொல்லக்கூடாது.

பருவமடையாத ஸ்ட்ரோம்புக்கு விரிந்த உதடே இருக்காது. கூம்பு வடிவம், நீண்டு ஒடுங்கிய வாய். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த பகுதியில் வரப்போகும் ஆபத்தான ஆள் பார்ப்பதற்கு அச்சாக அப்படித்தான் இருப்பார்.

தொடக்கூடாதது

கூம்பு நத்தை, கோனஸ். அழகான ஓடு, மேலே அகன்று கீழே ஒடுங்கிய கூம்பு, வாய் ஓட்டின் நீளத்துக்கு ஓடும் ஒரு கோடு. உள்ளே ஈட்டி போன்ற நச்சுப் பல் இருக்கிறது. மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராபஸ் மனிதரைக் கொன்றிருக்கிறது. முக்கோணம் முக்கோணமாகக் கோலம் போட்ட கோனஸ் டெக்ஸ்டைலும் ஆபத்தானதே. அகன்ற பக்கத்தைப் பிடித்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்; அதன் துதிக்கை ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் வளைந்து வரும். கையுறையும் சட்டைப் பையும் காப்பாற்றாது.

புதியவருக்கு ஒரே விதி: கூம்பு வடிவமும் ஒடுங்கிய கோட்டு வாயும் இருந்தால், அது இளம் ஸ்ட்ரோம்பாகவே இருந்தாலும், தொடாமல் படம் மட்டும் எடுங்கள். இளம் ஸ்ட்ரோம்புக்கும் கோனஸுக்கும் வேறுபாடு தெரியும் என்ற நம்பிக்கை வர ஆண்டுகள் ஆகும். வந்த பிறகும் தொடாமல் இருப்பதில் நட்டம் இல்லை.

குத்திவிட்டால் நச்சு முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. குத்திய கை அல்லது காலை அசைக்காமல், அகலமான துணியால் இறுக்கமாகச் சுற்றி, கட்டை வைத்துக் கட்டி, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வலி குறைவாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போகக்கூடாது. மரத்துப்போதல், பார்வை மங்கல், மூச்சு அடைப்பு எல்லாம் பின்னால் வரலாம். மூச்சு நின்றால் வைத்தியசாலை வரை செயற்கை மூச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நச்சின் வேகம் அடங்கும் வரை மூச்சைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சையே.

எப்போது, எங்கே

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். அந்த மாதங்களில் கரையில் ஒதுங்கியதைப் பார்க்கலாம், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

கொழும்பில் வற்றுப்பெருக்கு வேறுபாடு மிகக் குறைவு, பெரிய வற்றத்தில்கூட ஒரு மீட்டருக்குள்தான். பிற நாட்டு வழிகாட்டிகளில் படிப்பது போல் கடல் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கிப் பாறையெல்லாம் வெளியே தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் அரை மீட்டர் வற்றினால் பாறைக் குட்டைகள் கொஞ்சம் திறக்கும். பெரிய வற்றம் முழுநிலாவையும் அமாவாசையையும் ஒட்டி வரும். முழுநிலா என்றால் போயா, போயா என்றால் விடுமுறை. நாள்காட்டி நமக்குச் செய்து வைத்த உதவி இது. வற்று நேரத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை, கல்கிசை வரை கரையோடு நடக்கலாம். தண்டவாளம் கரைக்கும் வீதிக்கும் நடுவில் ஓடுகிறது. தண்டவாளத்தில் நடப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம், அதனால் அது பாதுகாப்பு ஆகிவிடாது. அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களை மழைக்குப் பிறகு தவிர்த்துவிடுங்கள், நகரத்தின் அழுக்கெல்லாம் அங்கேதான் வரும்.

இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, கடைசிப் பெரிய அலை விட்டுப்போன குப்பைக் கோடு. பாசி, குச்சி, பிளாஸ்டிக்கோடு சின்ன ஓடுகள் அங்கேதான் சேரும். பருப்பளவு வெள்ளை உருண்டைகள் தட்டுப்பட்டால் அவை முட்டை அல்ல, பிளாஸ்டிக். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது இவை தொன் கணக்கில் கொட்டின. இரண்டாவது, மீனவர் வலை உதறும் இடம். அடியில் விரிக்கும் வலையில் மீனோடு வேண்டாத நத்தைகளும் வரும். அவற்றை மணலில் எறிந்துவிடுவார்கள். முள் முள்ளாக நிற்கும் முரெக்ஸ், வெள்ளையில் பழுப்புத் திட்டுள்ள பபிலோனியா போன்றவற்றை இப்படித்தான் முழுசாகப் பார்க்க முடியும். வேலை நடக்கும்போது குறுக்கே போகாமல், முடிந்த பிறகு கேளுங்கள். சிங்களத்தில் ‘ஐயே’ (அண்ணா) என்று கூப்பிட்டு, ‘ஹக்பெல்லா’ இருக்கிறதா என்று கேட்டால் சங்கு என்று புரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் எது வரும் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை: பிடிமானமுள்ள பழைய சப்பாத்து, தொப்பி, தண்ணீர், சின்ன அடிமட்டம், பென்சில், நோட்டுப் புத்தகம்.

உயிரோடு பார்க்க

உயிருள்ள ஸ்ட்ரோம்பைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம் ஹிக்கடுவ. கோட்டையிலிருந்து காலி ரயிலில் ஏறினால் போதும். 1979இல் கடல் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடானபோது வெளிறிப்போன பவளத்தில் நிறைய மீளவில்லை, பழைய படங்களை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஆனால் நாம் தேடுவது பவளத்தை அல்ல. பாறைகளுக்கு நடுவே மணல் திட்டு, பாசி படிந்த பவளச் சிதறல், கடற்புல் இருக்கிறதா என்று பாருங்கள். முகமூடி போட்டு இடுப்பளவு நீரில் மிதந்தபடி ஒரே சதுர மீட்டரை நீண்ட நேரம் பாருங்கள். அலைந்து திரிந்து தேடுபவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஓட்டின் முதுகெல்லாம் பாசி படர்ந்து கல்லோடு கல்லாக இருக்கும். இளசுகள் பகலில் மணலுக்குள் புதைந்தே கிடக்கும்.

அசைவுதான் காட்டிக்கொடுக்கும். மற்ற நத்தைகள் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்ட்ரோம்ப் குதிக்கும். இதன் மூடி வாயை அடைப்பதற்கு உதவாத சின்ன அரிவாள் நகம்; அதை மணலில் ஊன்றி உடம்பை முன்னே எறியும். கோனஸ் நெருங்கும்போது பட்பட்டென்று குதித்து விலகும். ஓடு குடுகுடுவென்று பக்கவாட்டில் ஓடினால் உள்ளே இருப்பது துறவி நண்டு.

கரையில் கிடக்கும் ஓட்டையும் இப்படியே சோதிக்கலாம். வாயைப் பாருங்கள்: கொம்பு நிற மூடி உள்ளே தெரிந்தால் நத்தை உயிரோடு இருக்கிறது. கால்களும் கிடுக்கியும் தெரிந்தால் நண்டு. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆழமற்ற நீரில் வாய் கீழே இருக்கும்படி வைத்துச் சற்றுத் தள்ளி நின்று காத்திருங்கள். உள்ளே ஆள் இருந்தால் தானே வெளியே வரும்.

உயிருள்ளதை எடுக்கவே வேண்டாம். பூங்காவுக்குள் வெற்று ஓட்டைக்கூட எடுக்கக்கூடாது. வெளியிலும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பவளத்தையும் சில சங்கு, சிப்பி வகைகளையும் காக்கிறது. சங்கு குளிக்கக் கடற்றொழில் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், கரீபியனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ராணிக் காங்க் என்ற பெரிய இளஞ்சிவப்பு வாய்ச் சங்கு, அலிகர் ஜிகாஸ், தீவு மக்களின் அன்றாட உணவு; பஹாமாஸ் நாட்டுச் சின்னத்தின் உச்சியிலேயே அது இருக்கிறது. ஆணும் பெண்ணும் தேடி ஊர்ந்து சேரவேண்டிய மெதுவான பிராணி. பஹாமாஸில் ஆய்ந்தபோது, ஒரு ஹெக்டேருக்கு வளர்ந்தவை 56க்குக் கீழே போன இடங்களில் இணைசேர்தலே காணப்படவில்லை. அதாவது கடைசி ஒன்றைப் பிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு வெகு முன்பே இனப்பெருக்கம் நின்றுவிடும். புளோரிடாவில் 1980களின் நடுவில் பிடிப்பதை முற்றாகத் தடுத்தார்கள். இன்னமும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. 1992 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கரையில் பொறுக்கியது, கடையில் வாங்கியது எதுவானாலும், உரிய அனுமதி இல்லாமல் சங்கு, சிப்பி, பவளத்தைப் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் சிக்கல்.

வெற்று ஓட்டை வைத்துக்கொள்ள

நகரக் கரையில் கிடைத்த, நண்டும் குடியிராத வெற்று ஓடு ஒன்றிரண்டு போதும். நண்டுகளுக்கு அதுதான் வீடு என்பதால் நல்ல பெரிய ஓட்டை விட்டுவிட்டு, உதடு உடைந்ததை எடுப்பது என் வழக்கம். கற்பதற்கு உடைந்ததுதான் மேல், நடுத்தண்டு வெளியே தெரியும்.

இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேயுங்கள். எலுமிச்சை, வினாகிரி, கழிவறை அமிலம் எதுவும் வேண்டாம். ஓடு சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரையும். நிழலில் காயவையுங்கள்.

சேமிப்பதில்தான் கொழும்பின் ஈரக்காற்று வேலை காட்டும். மர அலுமாரியிலோ அட்டைப் பெட்டியிலோ மூடி வைத்தால், அவற்றிலிருந்து கசியும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பூஞ்சை என்று துடைப்பார்கள். அது பூஞ்சை அல்ல, ஓடே அரிக்கப்படுவது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: இடம், திகதி, கரையா வலையா, யார் எடுத்தது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். சீட்டில்லாத ஓடு அலங்காரப் பொருள்தான். எங்கே எப்போது கிடைத்தது என்று தெரியாததை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பெயர் தெரியாவிட்டால் மூன்று படம் எடுங்கள்: வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், உச்சியிலிருந்து சுருள். அடிமட்டம் படத்தில் தெரிய வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். வாய்ப்பக்கப் படம் இல்லாமல் போடுபவர்களுக்குத்தான் பதில் வருவதே இல்லை.